அரிசிக்கு ஆடிய டென்னிஸ்

ஜப்பான் பட்டாளம் மலாயாவுக்குள் வந்துவிட்டது என்று கேட்டு வெள்ளைக்காரத் துரைமார்கள் சிங்கப்பூர்ப் பக்கம் காரை விரட்டிக்கொண்டு போன மறுநாள், எங்கள் தோட்டத்துக் கிளப்புக்குள் ஆளாளுக்குப் புகுந்து அள்ளினார்கள். நாற்காலி, விளக்கு, பிஸ்கட் டின், ஜன்னல் திரை என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு வந்தார்கள். என் அண்ணன் இரண்டு டென்னிஸ் மட்டைகளையும் ஒரு வலையையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

அம்மா வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஊரே சீனியும் மாவுமா கொண்டாருது. இவன் மீன் சிக்காத வலையக் கொண்டாந்திருக்கான்," என்றாள்.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினைந்து. பெடாஸ் பக்கத்தில் இருந்த கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம் அது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள். அண்ணன் மட்டும் மரத்தடிக்குப் போகாமல் தப்பித்துவிட்டான். சிறு வயதிலிருந்தே கிளப்பில் பந்து பொறுக்கி, கோடு போட்டு, உருளை இழுத்து, கடைசியில் சண்டை தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் மார்க்கர் ஆகியிருந்தான். ஆட்டத்துக்குத் துணை கிடைக்காத துரைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆளுக்கு அந்தப் பெயர். சாயங்காலம் வெள்ளைக் காற்சட்டையோடு லயத்து வழியாக அவன் நடந்து போனால் பெண்கள் குழாயடியில் பேச்சை நிறுத்துவார்கள். அது அவனுக்கும் தெரியும். அதனால் கொஞ்சம் மெதுவாகவே நடப்பான்.

அப்பாவுக்கு மட்டும் அதை ஒரு வேலையாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"வேர்வ வருதுல்லப்பா, அப்ப அது வேலதான்," என்பான் அண்ணன்.

"காச்சல் வந்தாலும்தான் வேர்வ வருது," என்பார் அப்பா.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு கித்தாப் பாலை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. மரங்களைச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்னார்கள். அரிசி அளவு குறைந்துகொண்டே வந்து, பிறகு கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. காலையில் மரவள்ளி, இரவில் மரவள்ளி, நடுவில் பசி. சிப்பாய்களின் கண்ணில் பெண்ணாகப் படாமல் இருக்க, அம்மா என் தலைமயிரை ஒட்ட வெட்டி, அண்ணனின் பழைய சட்டையையும் அரைக்காற்சட்டையையும் மாட்டிவிட்டாள். வயசுப் பெண்கள் உள்ள வீடுகளில் அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் இரண்டே நாளில், பாவாடை தடுக்காமல் ஓடுவது எத்தனை சுகம் என்பதும் தெரிந்துவிட்டது.

கிளப்புக்கு எதிரே இருந்த டென்னிஸ் தரையையும் கொத்தி மரவள்ளி போட உத்தரவு வந்தது. மண்வெட்டி பிடித்த ஆட்களில் அண்ணனும் ஒருவன். நான் மரவள்ளிக் குச்சிக் கட்டைச் சுமந்துகொண்டு ஓரத்தில் நின்றேன். கோட்டுக்கு வெளியே முளைத்திருந்த புல்லையே அவன் சுற்றிச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு வெட்டுக்கூட வைக்கவில்லை.

அப்போதுதான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி அனுப்பிய ஜப்பான் துரை அங்கே வந்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி போட்டிருப்பார். நாங்கள் அவரைக் கண்ணாடித் துரை என்போம். அவர் வலைக் கம்பங்களைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து பின்கோட்டில் போய் நின்று, வெறுங்கையை ஒரு வீசு வீசினார். அவ்வளவுதான். அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

வீட்டில் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "திருட்டுச் சாமான்னு தலைய எடுத்துருவான்டா." அவள் சொன்னது வெறும் பயமில்லை. கொள்ளையடித்த சாமானோடு பிடிபட்டால் தலை போகும் என்று, கிளப்பில் அள்ளிய நாற்காலிகளை எல்லாரும் அடுப்பில் வைத்து எரித்துவிட்டிருந்தார்கள். அண்ணன் சட்டையை உதறிக்கொண்டு, இரண்டு மட்டைகளோடும் திரும்பி ஓடி வந்து, துரைக்கு முன்னால் குனிந்து நீட்டினான்.

அவர் ஒன்றை வாங்கி, நரம்புகளை விரலால் அழுத்திப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். பக்கத்தில் நின்ற தோட்டத்துக் கணக்கர், கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி எங்கள் பக்கம் திரும்பி, "இந்த எடத்துல கெழங்கு வேணாமாம். போயி வேற எடத்தக் கொத்துங்க லா," என்றார்.

சில நாள் கழித்துச் சிரம்பானிலிருந்து பந்து வந்தது. நாங்கள் பார்த்த பஞ்சு போர்த்திய பந்து இல்லை. வெள்ளையாக, வழுவழுவென்று, கையால் அழுத்தினால் அமுங்குகிற ரப்பர்ப் பந்து. ஜப்பானில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளெல்லாம் அதில்தான் ஆடுவார்களாம். அண்ணன் தனக்குத் தெரிந்த மாதிரி ஓங்கி அடித்தான். பந்து மட்டையில் சப்பையாகி, கிளம்பியதும் வானத்துக்குப் போய், மரவள்ளிக் காட்டுக்குள் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. கண்ணாடித் துரை சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் போகும்போது, "எசோக், மாயின்," என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கும் ஆடலாம் என்று.

வார முடிவில் ஒரு சிறு பையில் அரிசி வந்தது.

அம்மா அன்று சோறு வடித்த வாசம் லயம் முழுக்கப் போய்விட்டது. கதவைச் சாத்தி வைத்தும் பயனில்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருந்தாள். சாப்பிட்டும் சாப்பிடாமலும் பால் வற்றிப் போனவள். அம்மா வடித்த கஞ்சியை ஒரு சொம்பில் ஊற்றி, மேலே ஒரு பிடி சோற்றையும் போட்டு, என்னிடம் கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு வாராவாரம் அந்தச் சொம்பு போயிற்று. அப்பா தட்டில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையை விரலால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கும் கூப்பிட்டிருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

அமுங்குகிற அந்த மெத்தைப் பந்தைப் பழகுவதற்கு அண்ணனுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. லயத்துப் பையன்கள் வேலை முடிந்து வந்து அப்படியே சுருண்டு படுத்துவிடுவார்கள். மிச்சம் நான்தான். துரை எறிந்துவிட்ட ஓட்டைப் பந்தைப் கித்தாப் பால் ஊற்றி ஒட்டினோம். கித்தாத் தகடுகளைப் புகையில் காயவைத்த, இப்போது பூட்டிக் கிடந்த புகைக்கொட்டகைக்குப் பின்னால், கொடிக்கயிற்றை வலையாகக் கட்டிக்கொண்டு ஆடினோம்.

"நீ சும்மா திருப்பி அடி. எங்க விழுதுன்னு கவலப்படாத," என்றான்.

நான் கவலைப்படவே இல்லை. பந்து அவன் நிற்கிற இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழுந்தது.

"ஒழுங்கா ஆடு."

"நீதானே எங்கயாச்சும் அடின்னே."

"எங்கயாச்சும்னா இப்படியா?"

ஒருநாள் கோபத்தில் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி உடம்பையே திருப்பி ஓர் அடி வைத்தேன். பந்து மேலே போகாமல், கயிற்றை உரசிக்கொண்டு போய் அவன் காலடியில் விழுந்தது. அண்ணன் பந்தை எடுக்கவில்லை. "இப்ப எப்படி அடிச்ச? இன்னொருக்கா அடி," என்றான். இன்னொருமுறை எனக்கு வரவில்லை. ஆனால் அவனுக்கு வந்துவிட்டது. மணிக்கட்டை விட்டுவிட்டு இடுப்பால் அடிக்கத் தொடங்கினான். அடுத்த வாரம் கண்ணாடித் துரை சிரிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் துரைக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்ந்துதான் ஆடுவார்கள். துரை அண்ணனைத் தன் ஜோடியாக எடுத்துக்கொண்டார். அவரைப் பார்க்க வருகிற கம்பெனிக்காரர்கள் எல்லாரும் இவர்களிடம் தோற்றுப் போனார்கள். அண்ணனின் வெள்ளைக் காற்சட்டை முட்டியில் கிழிந்து, அம்மா கோணித் துணியால் ஒட்டுப் போட்டிருந்தாள். ஆனாலும் குழாயடி வந்ததும் நடை மெதுவாவது மட்டும் மாறவில்லை.

பிறகு சயாம் நாட்டுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். ரயில் பாதை போடப் போகிறார்கள், சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு என்று முதலில் சொன்னார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராததால் யாரும் அதை நம்பவில்லை. ஒரு சாயங்காலம் கங்காணி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வீட்டுக்கு ஒரு ஆளு கேக்குறாங்கண்ணே," என்று அப்பாவிடம் சொன்னார். "பையன் தொரைகூடப் பந்தாடுறான், அவனத் தொட முடியாது. நீங்கதான் கெளம்பணும். என்னைத் திட்டாதீங்க."

"நான் போறேன்," என்றான் அண்ணன்.

அப்பா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நீ ஆடுனா வீட்டுக்கு அரிசி வருது. நான் மரத்தக் கீறினா இப்ப எவன் பால் வாங்குறான்? நீ இரு." பிறகு கங்காணியிடம், "எப்பக் கெளம்பணும்?" என்று கேட்டார். மாதக் கடைசியில் லாரி வரும் என்றார் கங்காணி. அப்பாவுக்கு அப்போதே விடாத இருமல். மரவள்ளித் தோட்டத்திலேயே பாதி வரிசையில் உட்கார்ந்துவிடுவார்.

மறுநாள் ஆட்டம் முடிந்ததும் அண்ணன் கண்ணாடித் துரையிடம் கேட்டான். அவர் வெகுநேரம் மட்டையின் நரம்பையே நோண்டிக்கொண்டிருந்தாராம். ஆள் எடுப்பது பட்டாளத்து வேலை, தன் கையில் இல்லை என்றார். போர்டிக்சன் முகாமில் ஒரு கேப்டன் இருக்கிறார், அவர் சொன்னால்தான் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை, முகாமுக்குப் பக்கத்தில் சி ரூசாவில் கடலோர பங்களா ஒன்றில் அந்தக் கேப்டனோடு ஆட்டம் இருக்கிறது. "நீ கேட்காதே. ஆட்டம் முடிந்து அவர் தேநீர் குடிக்கும்போது நான் கேட்கிறேன்," என்றார்.

அந்த வாரம் முழுவதும் புகைக்கொட்டகைக்குப் பின்னால் எனக்குக் கை வீங்கும்வரை ஆடினோம். "அந்த ஆள ஜெயிக்க விட்டுட்டா என்னண்ணே? சந்தோசத்துல அப்பாவ விட்டுருவான்," என்றேன்.

அவன் யோசிக்காமல் இல்லை. பந்தைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே நின்றான். "ஆடத் தெரிஞ்சவனுக்கு அது தெரிஞ்சிரும். அப்புறம் அவனும் அடிப்பான், நம்ம தொரைக்கும் அவமானம். உள்ளபடி ஆடுறதுதான் நல்லது," என்றான்.

அப்பா தன் பங்குக்கு அவனுக்குச் சப்பாத்து செய்தார். துணிச் சப்பாத்து எப்போதோ கிழிந்து போயிருந்தது. கோணித் துணியைக் காலளவுக்கு வெட்டித் தைத்து, அதன்மேல் கித்தாப் பாலை ஊற்றி, காயவைத்து, மறுபடி ஊற்றி, எங்கள் அடுப்புப் புகையிலேயே தொங்கவிட்டார். பழுப்பு நிறத்தில், கருவாட்டு வாசத்தோடு ஒரு ஜோடி உருவாயிற்று. அண்ணன் போட்டுக்கொண்டு நடந்தபோது கீச்கீச் என்றது. யாரும் சிரிக்கவில்லை.

உப்பும் அப்போது கிடைக்காத சாமான். தோட்டத்துப் பெண்களைச் சில வேளை லாரியில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்பி, கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துவரச் சொல்வார்கள். அந்த ஞாயிறு சி ரூசாவுக்கு லாரி போனதால் அம்மாவும் நானும் அதில் ஏறிக்கொண்டோம். பங்களா மேட்டில் இருந்தது. கீழே மணலில், பிளந்த தகர டிரம்மில் தண்ணீரை ஊற்றித் தீ மூட்டினோம். அம்மா மேட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "எனக்குப் பாக்க வேணாம். நீ விறகு பொறுக்கப் போறமாதிரி போயிப் பாரு," என்றாள்.

சவுக்கு மரங்களுக்கு நடுவில் நின்று பார்த்தேன். கேப்டன் நல்ல உயரம், கழுத்து தடித்த மனிதர். அவருக்கு ஜோடி ஓர் இளம் சிப்பாய். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கீச்கீச்சென்று உள்ளே போனதும் எல்லாரும் சிரித்தார்கள். அவன் தலை குனிந்து வணங்கிவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றான்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. கண்ணாடித் துரை வலையோரம் நின்றார், அண்ணன் பின்னால் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தான். வெயில் ஏற ஏறத்தான் வினை வந்தது. அப்பாவின் சப்பாத்து சூட்டில் இளகித் தரையில் ஒட்டத் தொடங்கியது. ஓர் ஓட்டத்தில் கால் மாட்டிக் குப்புற விழுந்தான். எழுந்தவன் இரண்டையும் கழற்றினான். தூக்கி எறியவில்லை. மண்ணைத் தட்டி, வலைக் கம்பத்தருகில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்தான். அதன் பிறகு அவன் ஆடியதைப் போல நான் பார்த்ததில்லை. கேப்டன் அடித்த பந்தையெல்லாம் எங்கிருந்தோ வந்து எடுத்தான். உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பதை விட்டுவிட்டு முழங்காலில் எழுந்து பார்த்தார்கள்.

மத்தியானம் கடல்காற்று எழுந்தது. மெத்தைப் பந்து காற்றில் காகிதம் மாதிரி அலைந்தது. கடைசிப் பந்தை அண்ணன் நேராகத்தான் அடித்தான். காற்று அதை ஒரு சாண் வெளியே தள்ளிவிட்டது. தோற்றுப் போனார்கள்.

கேப்டன் வலையைத் தாண்டி அண்ணனிடம் வந்தார். கையைத் தூக்கினார். அறைதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் அண்ணனின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் துரை பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ பேசினார். நெடுநேரம் பேசினார்கள்.

பிறகு அண்ணன் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கி வந்தான். அம்மா அப்போதும் திரும்பாமல் டிரம்மைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கேப்டன் என்னைய இங்க முகாம்லயே இருக்கச் சொல்றாரும்மா. இனிமே அவருக்கு ஜோடியா ஆடணுமாம்."

"அப்பா?" என்றேன் நான்.

"நம்ம தொரை கேட்டுட்டாரு. ஒரு வீட்டுலேருந்து ஒருத்தன எடுத்துக்கிட்டா, இன்னொருத்தன விட்டுறலாம்னு கேப்டன் சொல்லிட்டாரு."

அம்மா அழவில்லை. டிரம்மின் ஓரத்தில் படிந்திருந்த உப்பை, சூட்டோடு ஒரு கைப்பிடி அள்ளி, முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து முடிந்து அவன் கையில் வைத்தாள். "அங்க கொழம்புல உப்புப் போடுறானுங்களோ என்னமோ," என்றாள். எதிரே அவ்வளவு பெரிய கடல் கிடந்தது. அண்ணன் வாங்கிக்கொண்டான்.

லாரி லயத்துக்கு வந்தபோது அப்பா சயாமுக்கு மூட்டை கட்டி வைத்திருந்தார். ஒரு குண்டான், ஒரு கம்பளி, ஒரு வேட்டி. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்குவதைப் பார்த்து எழுந்து நின்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள். "அப்ப நான் போகலியா?" என்று கேட்டார். பிறகு கட்டிய மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, "அந்தச் சப்பாத்தப் போட்டுத்தான் ஆடுனானா?" என்றார்.

"ஆமா," என்றாள் அம்மா, ஆட்டத்தைத் திரும்பியே பார்க்காதவள்.

மாதக் கடைசியில் வந்த லாரியில் எங்கள் லயத்திலிருந்து பலர் ஏறிப் போனார்கள். பாதிப்பேர்கூடத் திரும்பவில்லை. அந்த லாரி நின்ற இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அப்பா தலையைக் குனிந்துகொள்வார். சாகும்வரை அப்படித்தான்.

அண்ணன் எப்போதாவது பட்டாளத்து லாரியில் வந்து, கருவாடும் கொஞ்சம் அரிசியும் கொடுத்துவிட்டுப் போவான். விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி, பிறகு தரை பெருக்குவது, சாயங்காலம் ஆட்டம். எதிர்த்துப் பேசியதற்காக ஒருமுறை அறை வாங்கியிருக்கிறான். மலேரியாவில் கிடந்தபோது அதே கேப்டன் மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறார். "நல்லவனா கெட்டவனா?" என்று அம்மா கேட்டாள். அண்ணன் கொஞ்சம் யோசித்து, "பேக்ஹேண்ட் நல்லா ஆடுவாரும்மா," என்றான்.

சண்டை முடிந்த செய்தி எங்களுக்கு வந்து சேருவதற்குள் அவனே வந்துவிட்டான். போர்டிக்சனிலிருந்து நடந்தே வந்தவன், தாடியோடு, மட்டையைத் துணியில் சுற்றித் தோளில் மாட்டியிருந்தான். சாப்பிட்டுவிட்டு ஒரு பகலும் ஓர் இரவும் தூங்கினான்.

ஜப்பான்காரனோடு ஆடியவன் என்று லயத்தில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். குழாயடியில் அது காதில் விழுந்ததும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி குடத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. "அவன் ஆடிக் கொண்டாந்த அரிசியிலதான் இந்தப் புள்ள உசுரோட நிக்குது. பேசுறவங்க இதுகிட்டச் சொல்லுங்க," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் கேட்கவில்லை.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கிளப் மறுபடி திறந்தது, பஞ்சு போர்த்திய பந்தும் வந்தது. அண்ணன் இடுப்பால் ஓங்கி அடித்தான். பந்தெல்லாம் வலையில் போய் விழுந்தது. புதிய துரை, இந்த ஆளா மார்க்கர் என்று கேட்டாராம். ஒரு மாதம் தவணை கொடுத்தார். எனக்கு அதற்குள் முடி வளர்ந்து, சேலை கட்டி, மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு புகைக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். பழைய பழக்கத்தை மறப்பது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம் என்று அங்கேதான் பார்த்தேன். அவன் மட்டையைத் தரையில் அறைந்தான், என்னைத் திட்டினான், மன்னிப்புக் கேட்டான், மறுபடி திட்டினான். தவணை முடிவதற்குள் துரையைத் தோற்கடித்துவிட்டான்.

இரண்டு வருஷத்தில் சிரம்பானில் ஒரு பெரிய கிளப்பில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஊர்க்காரர்களுக்கென்று நடக்கும் போட்டிகளில் மட்டும் அவன் பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். கூலி வாங்கி ஆடுகிறவன் அங்கே ஆடக்கூடாதாம். அது அவனுக்கு வருத்தம்தான். என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னான். ஆனால் அந்தப் போட்டிகளில் ஜெயித்த பையன்கள் பலர் காலையில் அவனிடம் ஆடிப் பழகியவர்கள்.

அந்தக் கிளப்பில் புதுத் தரை திறந்தபோது, வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய துரையோடு அண்ணன் ஆடுவதாக ஏற்பாடு. வேலையாட்களின் வீட்டாரும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றார்கள். அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா தன் மகன் ஆடுவதைப் பார்த்தது அன்றுதான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பந்து அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பினாள். அண்ணன் அந்தத் துரையை மூலைக்கு மூலை ஓடவிட்டான். கூட்டம் கை தட்டியது. அம்மா மட்டும் தட்டவில்லை. என் காதருகே குனிந்து, "பாவம், அந்த மனுசனுக்கு எப்படி மூச்சு வாங்குது பாரு. வயசான ஆளு. இவன் கொஞ்சம் கிட்டக்க அடிச்சாத்தான் என்ன?" என்றாள்.